லினக்ஸ் மடிக்கணினியில் வெளிச்சம் கூட்டவும் குறைக்கவும் முடியவில்லையா?

வெளிச்சப் பொத்தானை அழுத்தினால் திரையில் பட்டை ஏறி இறங்குகிறது. வெளிச்சம் மட்டும் அசையவில்லை. திரையின் பின்விளக்கை இயக்குவது ஒன்று, கணினி கட்டளை அனுப்புவது வேறொன்றுக்கு என்று இருப்பதே பெரும்பாலும் காரணம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் பயனர்களுக்கான வழி இது. கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். கோப்பு மேலாளரில் மூல அடைவை (எல்லாக் கோப்புறைகளையும் உள்ளடக்கிய ‘/’ என்ற இடம்) திறந்து சிஸ், கிளாஸ், பேக்லைட் என்று வரிசையாக உள்ளே செல்லுங்கள். இன்டெல்_பேக்லைட், ஏஎம்டிஜிபியு_பிஎல், ஏசிபிஐ_வீடியோ0 போன்ற ஒரு பெயராவது அங்கே தெரிய வேண்டும்.

ஒன்றுமே இல்லையா? நிறுவும்போது திரை கறுத்துப்போனதால் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைத் தொடக்க வரியில் சேர்த்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அது இருக்கும்வரை கிராஃபிக்ஸ் இயக்கி முழுமையாக வேலை செய்யாது. வெளிச்சமும் கைக்கு வராது. கீழே சொல்லும் முறையிலேயே அதை நீக்கிவிடலாம்.

ஏசிபிஐ_வீடியோ0 மட்டும் இருந்தால், கட்டளை கணினியின் பயாஸ் (தாய்ப்பலகையில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) வழியாகப் போகிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்த பிறகு தயாரான பல மடிக்கணினிகளில் இந்த வழி பெயருக்குத்தான் இருக்கிறது.

மாற்றத்தை முதலில் தற்காலிகமாகச் சோதியுங்கள். எடுத்த எடுப்பில் கோப்பைத் திருத்துவது எனக்கு உடன்பாடில்லை. கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினால் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரலான கிரப்பின் பட்டியல் வரும். அதில் ஆங்கில ‘இ’ (e) எழுத்தை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் (acpi_backlight=native) என்று சேருங்கள். பிறகு எஃப்10. பலிக்காவிட்டால் மறுதொடக்கம் செய்தாலே பழைய நிலை திரும்பிவிடும். அடுத்து நேட்டிவ் இருந்த இடத்தில் ‘வெண்டர்’ (vendor), ‘வீடியோ’ (video) என்று மாற்றிப் பாருங்கள்.

பலித்ததை நிலையாக்க, டெர்மினலில் சூடோ நானோ /இடிசி/டிஃபால்ட்/கிரப் (sudo nano /etc/default/grub) என்று கொடுங்கள். ‘கொயட் ஸ்பிளாஷ்’ உள்ள வரியில், மேற்கோள் குறிக்குள்ளேயே அதைச் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு சூடோ அப்டேட்-கிரப் (sudo update-grub). இதை மறந்தால் திருத்தியது எதுவும் நடப்புக்கு வராது.

அமைப்புகளில் உள்ள நகர்த்தியால் வெளிச்சம் மாறி, விசை மட்டும் வேலை செய்யாவிட்டால் இத்தனை பாடும் தேவையில்லை. எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது படத்தை மங்கலாக்குமே தவிர பின்விளக்கைத் தொடாது, பேட்டரியும் மிச்சமாகாது.