தீம் ரெஸ்டாரண்டுக்குச் சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

என் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, காடு மாதிரியே ஜோடித்திருந்த ஒரு உணவகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். காதை ஆட்டும் யானை, மரத்தில் குரங்கு, கூரையெங்கும் கொடிகள். நாங்கள் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கெல்லாம் மங்கி, திடுமென்று இடி இடித்தது. பிள்ளை சரசரவென்று மேஜைக்கடியில் இறங்கி என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். சாப்பாடு வந்து ஆறியும் போனது, அவள் வெளியே வரவில்லை. "ஒண்ணுமில்லம்மா, அது வெறும் பொம்மை" என்று நானும் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

பொம்மை என்று சொல்லிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. 1969-இல் ரீட்டா டெவ்ரீஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மேனார்டு என்ற சாதுவான பூனையைப் பிள்ளைகளிடம் காட்டி, பிறகு அதன் முகத்தில் நாய் முகமூடியை மாட்டினார். மாட்டும்போது பூனையின் பின்பாதி பிள்ளைகளின் கண்ணெதிரிலேயேதான் இருந்தது. அப்படியும் மூன்று வயதுக்காரர்களில் பலர் அது நாயாகவே ஆகிவிட்டதாக நம்பினார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளோ பெரும்பாலும் பூனைதான் என்றார்கள். வேஷம் போட்டு வரும் கரடியையோ கண் மின்னும் ரோபோ சர்வரையோ பார்த்து மூன்று வயதுப் பிள்ளை அலறுகிறது என்றால் அது அடம் இல்லை, அதன் கண்ணுக்கு அது நிஜம்.

அதனால் வேஷக்காரரின் கையில் பிள்ளையைத் திணித்து போட்டோ எடுக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். முந்தின நாளே அந்த இடத்தின் வீடியோவைக் காட்டி, "இங்க விளக்கு அணையும், டமார்னு சத்தம் வரும், அப்புறம் நின்னுடும்" என்று கதை போலச் சொல்லி வையுங்கள். மேடைக்கும் ஸ்பீக்கருக்கும் தள்ளி இருக்கிற மேஜையாகக் கேளுங்கள். இடி, மின்னல், ஆட்டம் எல்லாம் பெரும்பாலும் குறிப்பிட்ட இடைவெளியில்தான் வரும். அடுத்தது எப்போது என்று சர்வரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். தெரிந்து வருகிற சத்தத்தை மடியில் உட்கார்ந்தபடி பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

அடுத்தது, புகை பொங்கும் பானங்கள். குவளையிலிருந்து வெள்ளையாக வழிகிற புகை, குளிரில் காற்றின் ஈரம் நுண்துளிகளாகி உண்டாகும் பனிமூட்டம்தான். ஆபத்து, அந்தக் குளிருக்காகச் சேர்க்கும் ட்ரை ஐஸிலும் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) திரவ நைட்ரஜனிலும் இருக்கிறது. ட்ரை ஐஸின் குளிர் மைனஸ் 78 டிகிரி செல்சியஸ், திரவ நைட்ரஜனுடையது மைனஸ் 196. தோலில் பட்டாலே தீக்காயம் போலப் புண்ணாகும், விழுங்கினால் உள்ளுறுப்புகள் சேதப்படும். பரிமாறும் நேரத்தில் திரவ நைட்ரஜன் சேர்க்கும் தின்பண்டங்களைப் பற்றி 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யே எச்சரிக்கை விடுத்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இதை வாங்கவே வேண்டாம் என்பேன். பெரியவர்கள் வாங்கினாலும் மேஜையின் மறுகோடியில் வைக்கச் சொல்லுங்கள். புகை அடங்கி, அடியில் துண்டு எதுவும் இல்லை என்று பார்க்கும்வரை யாரும் வாய் வைக்கக் கூடாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது, பானத்தில் மிதக்கவிடும் மின்னும் கட்டிகளும் பரிசாகத் தரும் விளக்கு மோதிரங்களும். இப்படிப்பட்டவற்றில் பலவற்றுக்குள் பட்டன் பேட்டரி, அதாவது பொத்தான் மாதிரி வட்டமான குட்டி பேட்டரி இருக்கும். அதை விழுங்கிய பிள்ளைக்கு இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகலாம். மூடி திருகாணி போட்டு இறுக்கப்படாத பொருளாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். மேஜையில் கட்டிவிடும் பலூனும் அப்படித்தான், வெடித்த துண்டு தொண்டையை அடைத்துவிடும்.

கண்ணெதிரே நெருப்பு மூட்டிச் சமைக்கிற இடங்களில் பிள்ளைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பெரியவர் உட்கார வேண்டும். தட்டுகள் பெல்ட்டில் ஊர்ந்து வருகிற கடைகளிலும் இதே முறைதான், இல்லையென்றால் போகிற தட்டிலெல்லாம் குட்டிக் கை விழும். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவருகிற புதுமை இந்த பெல்ட்தான் என்பது என் கருத்து. 1958-இல் ஜப்பானின் ஒசாகாவில் தொடங்கிய முறை இது. காத்திருக்க வேண்டாம், பண்டத்தைப் பார்த்தே பிள்ளை எடுக்கச் சொல்லும்.

நேரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கொலைப் பசியோடு கூட்டிப்போகாதீர்கள், தூங்குகிற நேரத்தை ஒட்டிப் போகாதீர்கள். கடை திறந்ததும் போனால் கூட்டமும் இரைச்சலும் குறைவாக இருக்கும். வேடிக்கை பார்க்கிற பிள்ளை சரியாகச் சாப்பிடாது. கிளம்புமுன் கொஞ்சம் ஊட்டிவிட்டால், காசு கொடுத்தோமே என்று அங்கே திணிக்க வேண்டியிருக்காது. பிள்ளை அழுதால் யார் வெளியே தூக்கிப்போவது என்பதையும் வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்று நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு வருஷம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பவும் போனோம். கடை திறந்த கையோடு, ஓரத்து மேஜை. உட்கார்ந்ததும் என் மகள் சர்வரிடம் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், இடி எப்ப வரும்?" பத்து நிமிஷம் என்றார். ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கையில் என் சுண்டுவிரல் என்று பிடித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். விளக்கு மங்கியபோது விரல்பிடி இறுகியது, ஸ்பூன் நிற்கவில்லை.