இருவர் மட்டும் நங்கூரம் போடுவது எப்படி: லங்காவித் தீவுகளில் ஒரு பகல்

சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஓதம் சுமார் ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும். மலேசியாவின் லங்காவியில் அது மூன்று மீட்டரை நெருங்கும். இங்கே பாய்மரம் பழகிவிட்டு அங்கே படகை வாடகைக்கு எடுக்கும் தம்பதிகள் தடுமாறுவது இந்தக் கணக்கில்தான். பாய் ஏற்றுவது, திருப்புவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. போவது டிசம்பர் முதல் மார்ச்சுக்குள். அப்போது பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. அதனால் தீவின் தென்மேற்குப் பக்கம் ஒதுங்குங்கள். ஒரு பகலுக்கு இரண்டு நிறுத்தம் போதும்: காலையில் தயாங் புந்திங் தீவு, பிற்பகலில் சிங்கா பெசார் தீவு. பெராஸ் பாசா தீவும் அழகுதான், ஆனால் சுற்றுலா ஸ்பீடு போட்டுகள் கிளப்பும் அலையில் சாப்பாட்டுத் தட்டு நிற்காது.

2. சங்கிலிக் கணக்கு. இதில் அவசரம் வேண்டாம். ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது. முன்முனை நீருக்கு மேல் 1.2 மீட்டர்; ஓதம் இன்னும் 2.5 மீட்டர் ஏறும். கூட்டினால் 7.7. அதன் ஐந்து மடங்கு 38.5, அதாவது 40 மீட்டர் சங்கிலி. ஓதத்தை விட்டுவிட்டால் 26 மீட்டரில் நிறுத்திவிடுவீர்கள். நீர் ஏறியதும் அது மூன்றரை மடங்குகூட வராது. சங்கிலி நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், பிடி விடும். நீர் வற்றும் நேரம் என்றால் கணக்கு தலைகீழ்: 4 மீட்டரில் 2.5 வற்றினால் மிச்சம் 1.5. படகின் அடிக்கட்டை நீருக்குள் 2 மீட்டர் இறங்கியிருந்தால் தரை தட்டும். ஆழமானி நீர்மட்டத்திலிருந்து அளக்கிறதா, அடிக்கட்டையிலிருந்தா என்பதைப் படகை வாடகைக்கு எடுக்கும்போதே கேளுங்கள்.

3. கை சைகையை முன்பே பேசி வையுங்கள். இன்ஜின் சத்தத்தில் முன்னால் கத்துவது சுக்கான் பிடிப்பவருக்குக் கேட்காது; சண்டைதான் வரும். கை நீட்டிய பக்கம் திருப்பு, மூடிய முஷ்டி நியூட்ரல், கட்டைவிரல் பின்னால் காட்டினால் ரிவர்ஸ். சங்கிலியை மோட்டார் இழுப்பதால் முன்னால் நிற்பவருக்குப் பலம் தேவையில்லை. அது பேட்டரியை உறிஞ்சும், இன்ஜின் ஓடட்டும். விரலைச் சங்கிலிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.

4. காற்றுக்கு எதிராக மெல்ல வந்து நில்லுங்கள். படகு பின்வாங்கத் தொடங்கிய பிறகே நங்கூரத்தை இறக்குங்கள். முன்பே கொட்டினால் சங்கிலி அதன் மேலேயே குவியும். முழு நீளமும் விட்டபின், சேற்றுத் தரை என்றால் ஐந்து நிமிடம் அமிழ விடுங்கள். பிறகு ரிவர்ஸில் இன்ஜினை மெதுவாக நிமிடத்துக்கு 1500 சுற்று வரை ஏற்றி அரை நிமிடம் வையுங்கள். சங்கிலி மேல் உள்ளங்கால் வைத்துப் பாருங்கள்: தடதடவென்று அதிர்ந்தால் இழுபடுகிறது, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். கரையில் ஒரு மரமும் பின்னால் ஒரு பாறையும் ஒரே கோட்டில் இருக்கும்படி பக்கவாட்டில் குறித்துக்கொண்டால், படகு நகர்கிறதா என்று அறிய அது மொபைல் ஆப்பைவிட நம்பகம்.

5. நைலான் கயிற்றுக் கொக்கியைச் சங்கிலியில் மாட்டிச் சுமையை மோட்டாரிலிருந்து மாற்றுங்கள். நங்கூரமிட்டிருப்பதற்குப் பகல் அடையாளமாக முன்னால் கருப்புப் பந்தை ஏற்றுங்கள்.

நங்கூர வகைகளில் என் ஓட்டு ரொக்னா என்ற பிராண்டுக்கு. பழைய கலப்பை வகை சேற்றில் உழுதுகொண்டே போகும்.

பின்னர் சேர்த்தது: படகு நகர்ந்தால் எச்சரிக்கும் நங்கூர அலாரம் அடிக்கடி வீணாக அலறுகிறதென்றால், படகு கடைசியாக நின்ற இடத்தை மையமாக வைத்திருப்பீர்கள். நங்கூரம் விழுந்த கணமே புள்ளியைக் குறிக்க வேண்டும். ஆரம், சங்கிலி நீளத்தோடு படகு நீளமும் சேர்த்து. கேட்டமரன் (இரட்டை உடல் படகு) எடுத்தவர்களுக்குக் கொக்கியில் ஒற்றைக் கயிறு போதாது: இரு முன்முனையிலிருந்தும் தலா ஒரு கயிறு வந்து கொக்கியில் சேர வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் இடவலமாக ஆடிக்கொண்டே இருக்கும்.