மூன்று ஆதாரம் என்பார்கள், எண்ணிப் பார்த்தால் ஒன்றுதான்

அமெரிக்கப் பெண்ணிய வரலாற்றை முதன்மை ஆதாரங்களை ஒப்பிட்டு எழுதச் சொன்னால், ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்கள் அதே பழைய குழிகளில்தான் விழுகிறார்கள். ஆண்டைத் தப்பாகப் போடுவது, பக்க எண்ணை விட்டுவிடுவது எல்லாம் இங்கே வேண்டாம். அவை தாமாகவே சரியாகிவிடும்.

நகலைச் சாட்சியாக எண்ணுவது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இதுதான். 1851 மே மாதம் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில், அடிமைத்தளையிலிருந்து மீண்ட சோஜர்னர் ட்ரூத் பேசினார். "நான் ஒரு பெண் இல்லையா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதாக ஊரெல்லாம் மேற்கோள் காட்டுகிறது. ஒரு மாணவி தன் கட்டுரையில், 1863-இல் வந்த பத்திரிகைக் கட்டுரை, 1870-களில் விரிவாக்கி வெளியிட்ட ட்ரூத்தின் வாழ்க்கை வரலாறு, 1881-இல் வந்த பெண் வாக்குரிமை வரலாற்றின் முதல் தொகுதி என்று மூன்றையும் வரிசையாக வைத்து, "மூன்றும் ஒத்துப்போவதால் இது உறுதி" என்று முடித்திருந்தார்.

ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? 1863-இல் எழுதியவர் பிரான்சிஸ் டானா கேஜ். அன்றைய மாநாட்டின் தலைவர். மற்ற இரண்டும் அவர் எழுதியதை எடுத்துப் போட்டவை. ஒரே கிணற்றுத் தண்ணீரை மூன்று குடத்தில் மொண்டுவைத்து, மூன்றும் ஒரே ருசி என்று வியப்பது போலத்தான் இது.

உண்மையான ஒப்பீடு 1851 ஜூன் 21-ஆம் தேதி 'ஆன்டி ஸ்லேவரி பியூகிள்' என்ற அடிமைமுறை எதிர்ப்பு இதழில், மாநாட்டில் இருந்த மாரியஸ் ராபின்சன் எழுதிய அறிக்கையோடு தொடங்க வேண்டும். மாநாடு முடிந்து மாதம்கூட ஆகவில்லை. எந்த ஆணுக்கும் உள்ள தசைவலு தனக்கும் உண்டு, உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன் என்று ட்ரூத் சொல்வது அதில் இருக்கிறது. அந்தப் புகழ்பெற்ற கேள்வி இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கேஜின் ட்ரூத் தென்மாநிலக் கொச்சையில் பேசுகிறார். உண்மையில் அவர் நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் கவுண்டியில் பிறந்து, டச்சு மொழி பேசி வளர்ந்தவர். கேஜின் ட்ரூத் பதின்மூன்று பிள்ளை பெற்றதாகச் சொல்கிறார். ஆய்வாளர்கள் அறிந்தவரை பிள்ளைகள் ஐந்து பேர். கேஜ் எழுதியது பன்னிரண்டு ஆண்டு கழித்து, உள்நாட்டுப் போரின் நடுவில். அடிமைமுறைக்கு எதிராக வாசகர் மனத்தை உலுக்க வேண்டிய நேரம் அது.

அதனால் வாக்கியம் வாக்கியமாக ஒப்பிடும் முன், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். கோடுகள் எல்லாம் ஒரே பெயரில் போய் முடிந்தால் உங்களிடம் இருப்பது ஒரு சாட்சிதான்.

அப்புறம் எதிர்ப்பக்கம் சாய்வது

இதைச் சொன்னதும் ராபின்சனை ஒலிப்பதிவுக் கருவியாக்கிவிடுகிறார்கள். அந்தப் பேச்சைத் தாளில் கொண்டுவர முடியாது என்று அவரே தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். ட்ரூத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கைப்பட எழுதிய உரை என்று ஒன்று கிடையாது. கேஜை அப்படியே தூக்கி எறியவும் வேண்டாம். 1851-க்கு அவர் பலவீனமான சாட்சி, 1863-இல் ட்ரூத்தை எப்படிக் காட்ட விரும்பினார்கள் என்பதற்கு முதல்தரமான சாட்சி.

இரண்டு கேஜ்கள்

1881 தொகுதியின் ஆசிரியர்களில் ஒருவர் மட்டில்டா ஜாஸ்லின் கேஜ். மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் டானா கேஜ் வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள்.

ஒரு தரப்பின் தொகுதியை மட்டும் நம்புவது

அந்தத் தொகுதியின் மற்ற இரு ஆசிரியர்கள் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் பி. ஆன்டனியும். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் திருத்தத்தை ஆதரிப்பதா என்ற சண்டையில் 1869-இல் இயக்கம் இரண்டாகப் பிரிந்தபோது இவர்கள் எதிர்த்த பக்கம், இன்னொரு வாக்குரிமைப் போராளியான லூசி ஸ்டோன் ஆதரித்த பக்கம். ஆன்டனியும் ஸ்டான்டனும் நடத்திய 'ரெவல்யூஷன்' இதழையும், 1870-இல் ஸ்டோன் தரப்பு தொடங்கிய 'விமன்ஸ் ஜர்னல்' இதழையும் சேர்த்துப் படித்தால்தான் சண்டையின் சூடு தெரியும்.

எதிர்த்த பெண்களை விட்டுவிடுவது

பாஸ்டனில் வெளியான 'ரிமான்ஸ்ட்ரன்ஸ்' இதழைப் புரட்டுங்கள். வாக்குரிமை வேண்டாம் என்று பெண்களே எழுதினார்கள்.

உள்ளாடை எரிப்பு

பெண்ணியவாதிகள் உள்ளாடையை எரித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1968 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில், மிஸ் அமெரிக்கா போட்டிக்கு எதிராக நடந்த போராட்டத்தில் ஒரு குப்பைத்தொட்டி வைத்திருந்தார்கள். அதில் உள்ளாடைகளையும் ஒப்பனைப் பொருள்களையும் போட்டார்கள். தீ வைக்கவில்லை என்கிறார்கள் போராட்டத்தை நடத்தியவர்கள். 'எரிப்பு' என்ற பேச்சு போராட்டம் தொடங்கும் முன்பே 'நியூயார்க் போஸ்ட்' நாளிதழில் வந்துவிட்டது. அந்தச் செய்தியைத்தான் அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்குச் சான்றாக மாணவர்கள் கட்டுரையில் ஒட்டி அனுப்புகிறார்கள்.