ரெண்டாம் உலகப்போர்ல சாதாரண அமெரிக்க ஜனங்க என்ன நினைச்சாங்கன்னு தேடிப் பார்க்கறது எப்படி?

ரெண்டாம் உலகப்போர்னு தேடினா டாங்கி, ஹிட்லர், அணுகுண்டுன்னு தான் வந்து நிக்கும். அந்த சமயத்துல அமெரிக்காவுல வீட்டுல இருந்தவங்க என்ன சமைச்சாங்க, எதுக்கு பயந்தாங்க, யார் மேல கோவப்பட்டாங்கன்னு தெரியணும்னா வேற பக்கமா போகணும். காலேஜ் ப்ராஜெக்டோ கதை எழுதறதுக்கோ, எதுக்கா இருந்தாலும் நான் சொல்ற வரிசைல போய்ப் பாருங்க.

முதல்ல ஹெட்போன் மாட்டுங்க, படிக்கறதெல்லாம் அப்புறம். 1941 டிசம்பர் 7 ஞாயித்துக்கிழமை ஹவாய்ல இருக்கற பேர்ல் ஹார்பர்ங்கற அமெரிக்கக் கடற்படைத் தளத்து மேல ஜப்பான் குண்டு போட்டுச்சு, மறுநாளே அமெரிக்காவோட தேசிய நூலகம் மாதிரி இருக்கற லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல வேலை பார்த்த ஆலன் லோமாக்ஸ், பல ஊர்ல நாட்டுப்புறப் பாட்டு ரெக்கார்ட் பண்ணிட்டு இருந்தவங்களுக்கு தந்தி அடிச்சு, தெருவுல போற வர்றவங்க கிட்ட இதைப் பத்தி கேட்டு ரெக்கார்ட் பண்ண சொன்னார். அதெல்லாம் லைப்ரரி வெப்சைட்ல ஃப்ரீயா கிடைக்குது. பேசினதை எழுத்துலயும் போட்டிருக்காங்க, ஆனா முதல் தடவை அதைப் பார்க்காம கேளுங்க, எங்க தயங்குறாங்க, எங்க குரல் உசருதுன்னு அப்பதான் பிடிபடும். ஜப்பான்காரங்களை கேவலமா பேசறதும் அதுல வரும், அதைத் தாண்டிப் போயிடாதீங்க, அதுவும் அன்னிக்கி ஜனங்க மனசு தான்.

ஜனங்க கிட்ட கருத்துக் கேட்டு எடுத்த கேலப் சர்வே பார்க்கும்போது மட்டும் கவனமா இருங்க. பேர்ல் ஹார்பருக்கு முன்னாடி பிரிட்டனுக்கு உதவலாம், நேரா போருக்கு மட்டும் போக வேணாம்னு தான் பெரும்பாலானவங்க சொன்னாங்கன்னு அதுல தெரியும், சரி தான், ஆனா அந்தக் காலத்து சர்வேல கறுப்பின மக்களும் ஏழைங்களும் ரொம்ப கம்மியா தான் இருந்தாங்க.

அடுத்தது ரேஷன் புக், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஸ்கேன் பண்ண படம் நிறைய இருக்கு, ஒண்ணை எடுத்து பெருசாக்கிப் பாருங்க. மூணாவது புக்ல ஒவ்வொரு ஸ்டாம்ப்லயும் குட்டியா டாங்கி, விமானம், பீரங்கி படம், அட்டைல ஆளோட பேர், வயசு, உயரம், எடை கூட எழுதியிருக்கும். கைக்குழந்தைக்கும் தனி புக் உண்டு! இப்ப எந்த சாமானுக்கு எத்தனை ரேஷன் பாயிண்ட்னு அந்தக் கால பேப்பர்ல வந்த பட்டியல் ஒண்ணை தேடி எடுங்க. 1943 மார்ச்ல டின்ல அடைச்ச காய் பழத்துக்கு ஆளுக்கு மாசம் 48 நீல பாயிண்ட், அந்த மாசக் கடைசில இருந்து கறி, வெண்ணெய், சீஸுக்கு வாரம் 16 சிவப்பு பாயிண்ட், அதுக்கு மேல காசும் கொடுக்கணும். நாலு பேர் வீட்டுக்கு ஒரு வாரம் சமையல் போட்டுப் பாருங்க, பேப்பர் பேனா வச்சு நிஜமாவே போடுங்க, செவ்வாய்க்கிழமைக்குள்ள வெண்ணெயா கறியான்னு வந்து நிப்பீங்க. மிச்சமான கொழுப்பை டின்ல சேர்த்து கறிக்கடைல கொடுத்தாங்க, அதுல இருந்து வெடிமருந்துக்கு கிளிசரின் எடுப்பாங்க, பின்னாடி பவுண்டுக்கு 2 சிவப்பு பாயிண்ட் திருப்பிக் கிடைச்சுது.

பெட்ரோல் ரேஷன் ஏன்னு பார்த்தா பெட்ரோல் பத்தாம இல்ல, நாடு முழுக்க அதைக் கொண்டு வந்ததுக்கு முக்கிய காரணம் டயர். மலாயாவை ஜப்பான் பிடிச்சதால ரப்பர் வரத்து நின்னு போச்சு, நம்ம தமிழ் ஜனங்க பால் வெட்டின அதே தோட்டங்க தான். மணிக்கு 35 மைலுக்கு மேல வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொன்னதும் டயருக்காக தான்.

வீட்டு ஃபோட்டோ கிடைச்சா ஜன்னலைப் பாருங்க. தொங்குற சின்னக் கொடில நீல நட்சத்திரம் இருந்தா அந்த வீட்டுப் பிள்ளை போருக்கு போயிருக்கான், தங்க நட்சத்திரம்னா அவன் திரும்பி வரப்போறதில்ல. 4 லட்சத்துக்கும் மேல அமெரிக்கர்கள் செத்தாங்கன்னு படிக்கும்போது அந்த ஜன்னலை நினைச்சுக்கோங்க.

எல்லாரும் ஒண்ணா நின்னாங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க, தயவுசெஞ்சு. கறுப்பின மக்களோட பிட்ஸ்பர்க் கூரியர் பேப்பரோட 1942 இதழ்களைப் பாருங்க, வெளிநாட்டு எதிரியையும் உள்நாட்டு நிறவெறியையும் சேர்த்து ஜெயிக்கணும்னு கறுப்பின மக்கள் ரெட்டை வெற்றி கேட்டாங்க. அப்புறம் டென்ஷோங்கற இணைய ஆர்க்கைவ்ல, போர் சமயத்துல அமெரிக்க அரசே முகாம்ல அடைச்ச சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளிக்காரங்கள்ல பலரோட பேட்டி இருக்கு, அப்படி அடைச்சவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள்.

கடைசியா டொரோதியா லாங்கே 1942 மார்ச்ல ஓக்லாண்ட்ல எடுத்த ஒரு ஃபோட்டோவைத் தேடுங்க. மூடிக் கிடக்குற ஒரு மளிகைக்கடை, முகப்புல பெரிய போர்டு, "நான் ஒரு அமெரிக்கன்"னு. கடைக்காரர் ஜப்பானிய வம்சாவளி. அந்த போர்டை அவர் மாட்டினது டிசம்பர் 8, லோமாக்ஸ் தந்தி அடிச்ச அதே நாள். அதைப் பார்த்துட்டு முதல்ல கேட்ட அந்த ரெக்கார்டிங்கை இன்னொரு தடவை கேளுங்க.