சஸ்பென்ஷனைத் தொடாமல் பிக்கப்புக்குப் பெரிய டயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு. பெரிய டயர் மாட்டிய மச்சானின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் நாலாவது வளைவிலேயே சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, 'சர்ர்'ரென்று ஓர் உரசல். "கடையில சுத்திப் பாத்துட்டுத்தானே மாட்டினாங்க மாப்ள?" என்றார்.

பார்த்தது உண்மைதான். சமதளத் தரையில், காலி வண்டியில், நின்ற இடத்தில் பார்த்தார்கள். முதல் தவறே அதுதான். கம்பெனி சஸ்பென்ஷனோடு இருக்கும் வண்டியில், நிற்கும்போது டயருக்கு மேலே தெரியும் இடைவெளியை நம்பவே கூடாது. அது ஸ்பிரிங் அமுங்குவதற்காக விட்ட இடம். ஸ்டீயரிங் ஒடிந்து, ஸ்பிரிங் அமுங்கி, பின்னால் சுமையும் இருக்கும்போது மிஞ்சுவது எவ்வளவோ, அதுதான் டயருக்கான இடம்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 இன்ச் வீலோடு வரும் ஹைலக்ஸின் டயர் 265/60 R18: அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 இன்ச். அதன் மொத்த உயரம் சுமார் 775 மி.மீ. மச்சான் மாட்டியது 285/65 R18, சுமார் 828 மி.மீ. உயரத்தில் 53 மி.மீ. கூடினாலும் வண்டி தரையிலிருந்து எழும்புவது அதில் பாதி, 26 மி.மீ.தான். மீதிப் பாதி மேல்நோக்கி, சக்கரத்தை மூடும் ஃபெண்டர் பக்கம் போய்விடும். பலருக்கு இதுவரை தெரியும். மறந்துபோவது இன்னொன்று: டயர் வட்டம் என்பதால் முன்னாலும் பின்னாலும்கூட அதே 26 மி.மீ. வளர்ந்திருக்கும். ஒடித்துத் திரும்பும்போது இடிப்பது பெரும்பாலும் அங்கேதான். முன்பக்கம் பம்பர் மூலை, பின்பக்கம் சக்கரக் குழியின் உள்ளே மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனர், மட் ஃப்ளாப், அதற்கும் பின்னால் கேபினைச் சேஸியோடு பிணைக்கும் மவுன்ட். சஸ்பென்ஷனை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டாலும் இந்த முன்-பின் இடம் பெரிதாகக் கூடிவிடாது. ஆகவே "பிறகு லிஃப்ட் பண்ணிக்கலாம்" என்று இப்போதே பெரிய டயரை வாங்கிவைப்பதிலும் அர்த்தமில்லை.

உரசுகிறது என்று தெரிந்ததும் கடைக்காரர் வீல் ஸ்பேசரை, அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் வளையத்தை, நீட்டுவார். உள்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையான கன்ட்ரோல் ஆர்மில் உரசினால் அது உதவும். ஆனால் சக்கரம் வெளியே தள்ளப்பட்டால் ஒடிக்கும்போது அது சுற்றும் வட்டமும் அகலமாகும், பம்பர் மூலையில் முன்பைவிட மோசமாக இடிக்கும். வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும். ஆஃப்செட் குறைந்த, அதாவது சக்கரம் வெளியே தள்ளி நிற்கும் அலாய் வீல் வாங்கினாலும் இதே கதைதான். லைனரைக் கத்தியால் அறுப்பது அடுத்த கட்டம். அதன் பின்னால் ஒயரிங் ஓடுகிறதா என்று பார்க்காமல் அறுத்தால் உரசலுக்குப் பதில் மின்கோளாறு வந்து சேரும். பக்கத்திலேயே பிரேக் ஹோசும் ஏபிஎஸ் ஒயரும் இருக்கின்றன. பிளாஸ்டிக் தேய்ந்தால் பரவாயில்லை, ஹோஸ் தேய்ந்தால் வண்டி நிற்காது.

நாலு டயருக்கும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் முன்சக்கரத்தில் மாட்டச் சொல்லுங்கள். டயரின் தோள் ஓரத்தில் சாக்பீஸைக் கனமாகத் தீட்டுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, அந்தச் சக்கரத்தை ஒரு சாய்வுக் கட்டையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். மறுபக்கம் ஒடித்தும், ரிவர்ஸிலும் இதையே செய்யுங்கள். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே சாக்பீஸ் ஒட்டியிருக்கிறதோ அங்கே இடிக்கிறது. கால் மணி நேர வேலை. இதற்குச் சம்மதிக்காத கடையில் நான் டயர் வாங்க மாட்டேன்.

பின்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங். காலி வண்டியில் தாராளமாகத் தெரியும் இடம், பத்துப் பன்னிரண்டு சிமெண்ட் மூட்டை ஏறியதும் சுருங்கிவிடும். சுமை ஏற்றாத பிக்கப் என்றால் கவலை இல்லை. ஏற்றுகிறவர்கள் ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

ஸ்டெப்னியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. பிக்கப்பில் அது பின்தொட்டிக்கு அடியில் தொங்குகிறது; பெரிய டயர் அந்த இடத்தில் நுழையாமல் போகலாம். பழைய அளவையே வைத்துக்கொண்டால், பஞ்சர் ஆனபோது மெதுவாக ஓட்டிப் பஞ்சர் கடைக்குப் போகத்தான் உதவும். அந்த நேரத்தில் 4x4-ஐப் போடவே கூடாது. ஹைலக்ஸிலும் இசுசு வி-கிராஸிலும் 4x4 போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அளவு மாறிய ஒரு டயர் இருந்தால் பாரம் முழுக்க, இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இறங்கும். காசு மிச்சம் பிடிக்கப் பின்னால் மட்டும் ரெண்டு பெரிய டயர் போடுவதும் இதனால்தான் கூடாது.

மைலேஜ் குறைந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. பெரிய டயர் கனமானது, காற்றையும் கூடுதலாகத் தள்ளுகிறது. டீசல் கொஞ்சம் கூடுதலாகவே குடிக்கும். மீதிப் பாதி மீட்டர் செய்யும் வேலை. டயர் சுமார் 7 சதவீதம் பெரிதானதால், ஓடோமீட்டர் 500 கி.மீ. காட்டும்போது வண்டி ஓடியிருப்பது சுமார் 534. ஸ்பீடோமீட்டரும் அப்படித்தான்: 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிட 7 சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். பிரேக் அதே பழைய பிரேக் என்பது நினைவில் இருக்கட்டும்.

காற்றழுத்தத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கதவு ஓர ஸ்டிக்கரில் இருக்கும் அளவு பழைய டயருக்கானது. 'எல்டி' என்று தொடங்கும் லாரி வகை டயர், அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும். டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்து அடியுங்கள். ரிம் அகலமும் அதே அட்டவணையில் இருக்கும்; ஒடுக்கமான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ்காரரிடமும் முன்பே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

சஸ்பென்ஷனைத் தொடாமல் போடுவதென்றால் என் கணக்கு ஒரு படி மட்டும்: 265/65 R18. சுமார் 802 மி.மீ., கூடுதல் 3.4 சதவீதம். வண்டியின் தோற்றமும் மாறும். மச்சான் 285-ஐ விற்றுவிட்டுக் கடைசியில் இதையே போட்டார், சாக்பீஸ் தீட்டிப் பார்த்துவிட்டு. கிழிந்த லைனரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. கேட்டால், "அது இருக்கட்டும் மாப்ள" என்கிறார்.