மிதக்கும் படிக்கட்டுக்கு முழுத் தேக்கு வேண்டாம்

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் மிதக்கும் படிக்கு 3 அங்குல கனத்தில் முழுத் தேக்குப் பலகை வாங்காதீர்கள். உள்ளே 50 மி.மீ. இரும்புச் சதுர பைப்பில் சட்டம் அடித்து, மேலே 18 மி.மீ. தேக்கு, அடியில் 6 மி.மீ. பிளைவுட், ஓரங்களுக்குத் தேக்குப் பட்டை என்று மூடிவிடுங்கள். பார்வைக்கு அதே 3 அங்குலப் படிதான். மரச்செலவு மட்டும் பாதிக்குக் கீழே.

எடையைத் தாங்குவது இரும்பு. மரம் வெறும் சட்டைதான். கனமான பலகை நடுவரை காய்வது அபூர்வம், அதனால் வீட்டுக்குள் வந்தபிறகு காய்ந்து வெடிக்கும், வளையும். மெல்லிய பலகையில் அந்தத் தொல்லை குறைவு, பழுதானாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கிரானைட்தான் வேண்டுமென்றாலும் இதே சட்டத்தின் மேல்தான் பதிக்கவேண்டும். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. பளபள பாலிஷ் மட்டும் வேண்டாம், ஈரக்காலுக்கு வழுக்கும்.

மழை படும் வெளிப்படிக்கு இது சரிவராது. உள்ளே நீர் இறங்கினால் இரும்பு துருப்பிடிப்பது வெளியே தெரியாது. வெறும் செங்கல் சுவரிலும் காற்றுத்துளைகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்லான ஏ.ஏ.சி. பிளாக் சுவரிலும் சட்டத்தை நேராகச் செருகவே கூடாது. கான்கிரீட் சுவர் வேண்டும், அல்லது பூச்சுக்கு முன்பே சுவரோடு ஒரு இரும்புத் தாங்கி வைத்து மறைக்கவேண்டும். பைப்பின் கனத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும், வெல்டர் அல்ல.