குல்மார்க்கில் புதுப்பனியும் காற்றும்: சறுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இரண்டு நாள் பனி கொட்டித் தீர்த்து, மூன்றாம் நாள் வானம் வெளுத்தால் காஷ்மீரின் குல்மார்க்கில் கோண்டோலா (கம்பிவடக் கார்) வாசலில் வரிசை நீண்டுவிடும். மேகத்தோடு பனிச்சரிவு ஆபத்தும் கலைந்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. புதுப்பனி அடியிலுள்ள பழைய அடுக்கைப் பற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு, பொழிந்த பனியை மட்டும் கணக்கிட்டுக் காற்றை மறந்துவிடுவது. வானத்திலிருந்து ஒரு துகள்கூட விழாத நாளிலும், குல்மார்க்குக்கு மேலேயுள்ள அஃபர்வத் முகட்டின் ஒரு பக்கத்துப் பனியைக் காற்று வாரிக்கொண்டுபோய் மறுபக்கச் சரிவில் கொட்டிக்கொண்டிருக்கும். பனிப்பொழிவைப்போலப் பத்து மடங்கு வேகத்தில்கூட இப்படிச் சேரும். அடிவாரத்தில் 20 செ.மீ. என்று அளந்த அன்றே, காற்று மறைவான பள்ளங்களில் ஒரு மீட்டருக்கு மேல் குவிந்திருக்கலாம். உருண்டு நொறுங்கி வந்த துகள்கள் நெருங்கிப் பாளமாக இறுகிவிடுகின்றன. பார்வைக்கு வழவழப்பாக இருக்கும். மிதித்தால் மத்தளம்போல ஒலிக்கும். சறுக்குப் பலகையின் முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, காலடியில் பனி 'உம்ப்' என்று அமுங்கினாலோ வேறு சோதனை எதற்கு? திரும்பிவிடுங்கள்.

சரிவைக் கண்ணால் மதிப்பிடுவதும் ஆகாது. பாளங்கள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில் கழன்று வருகின்றன. சறுக்குவதற்குச் சுகமான சரிவுகளும் அவைதாம், அதுதான் சங்கடம். கைபேசியிலேயே கோணத்தை அளந்துவிடலாம். சரிவின் அடியில் சமதளத்தில் நிற்பவரின் எடைகூட மேலேயுள்ள பாளத்தை உடைத்துவிடலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

"கோண்டோலா ஓடுகிறதே, முன்னால் போனவர்களின் தடமும் இருக்கிறதே" என்பார்கள். ரோந்துக் குழுவின் கண்காணிப்பு சறுக்குத் தளத்தின் எல்லைக் கயிறோடு முடிந்துவிடுகிறது. தடமோ எதற்கும் உத்தரவாதமில்லை. நான்கு பேரைத் தாங்கிய பாளம் ஐந்தாமவரின்கீழ் உடையும். உயிரைப் பறித்த பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றை உடைத்துவிட்டவர் சிக்கியவரோ அவருடைய கூட்டாளியோதான். அஃபர்வத் சரிவுகளில் 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள்.

கருவிகளை வழிகாட்டியின் பையில் மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புவது மடத்தனம். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால் மணி நேரத்துக்குள் சரசரவென்று சரிகிறது. கீழிருந்து மீட்புக் குழு ஏறி வரும்வரை அது காத்திருக்காது. ஆகவே டிரான்சீவர் (புதைந்தவரின் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), பனிக்குள் துழாவும் கம்பு, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். சரிவில் ஒருவர்பின் ஒருவராகத்தான் இறங்க வேண்டும். மற்றவர்கள் ஓரமாக, பத்திரமான இடத்தில் நின்று, இறங்குபவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்.